குழாயின் வெளிப்புறம் ஒரு கறுப்பு வட்டம்

பதினோரு வருடம் ஊற்றியிருக்கிறேன்.
செவ்வாய், வெள்ளி. இரண்டாம் மாடி, இடதுபக்கச் சிங்க்.
செல்கள் மூன்று நாள் குடித்து மீந்த திரவம்,
சிவப்பு வெளுத்து மஞ்சள் தட்டியது.
மேலே கொஞ்சம் பிளீச்சிங், பிறகு குழாய்த் தண்ணீர்.
அப்புறம் அது எங்கே போயிற்று என்பதை
குவோப்பியோ நகராட்சியைக் கேளுங்கள்.
கல்லவேசி ஏரியின் மீன்களுக்கு
ஏதாவது ஆறியிருந்தால் சந்தோஷம்.

செல்கள்தான் மருந்து என்று இருந்தோம்.
பிரசவ வார்டிலிருந்து ஐஸ் பெட்டியில்
தொப்புள்கொடி வரும், ஒரு சாண், சில நாள் இரண்டு.
நறுக்கி, வளர்த்து, எண்ணி,
இதயம் நைந்த எலிகளின் வாலில் ஏற்றினோம்.
இதயம் தேறியது.
ஈர்மெலி கேக் வாங்கி வந்தாள்.
அடுத்த வாரம் அவளே செல்களைத் தேடிப் போனாள்.
இதயத்தில் ஒன்றிரண்டுகூட இல்லை.
நுரையீரலின் மயிரிழைக் குழாய்களில் சிக்கி
அங்கேயே செத்திருந்தன அத்தனையும்.

போகாத ஊருக்கு வழி சொல்வார்கள்.
இவை போகாத ஊருக்கு வைத்தியமே பார்த்திருக்கின்றன.

யார் போனது என்றால், நான் ஊற்றியது.

செல் தன் தோலையே கிள்ளிப் பொட்டலம் கட்டுகிறது.
சில பொட்டலங்களை வயிற்றுக்குள்ளேயே கட்டி
கரைக்கு வந்து உமிழ்கிறது.
ஒரு மயிரின் குறுக்கே ஐந்நூறு, அறுநூறு வைக்கலாம்.
உள்ளே கொஞ்சம் புரதம், ஆர்.என்.ஏ. துணுக்குகள்,
மேலே விலாசம் மாதிரி ஏதோ,
இன்னும் யாருக்கும் முழுசாகப் படிக்க வராத கையெழுத்து.
முதலில் பார்த்தவர்கள் தூசு என்றார்கள், குப்பை என்றார்கள்.
பாவம், முழுப் பொய்யுமில்லை.
சிவப்பணு வளர்ந்து ஆளாகும்போது
வேண்டாததை இப்படித்தான் வாசலுக்குத் தள்ளுகிறது.
குப்பையும் கடிதமும் ஒரே பையில் போகும் என்று
ஒத்துக்கொள்ளத்தான் இத்தனை நாள்.

இப்போது செல்களை எறிகிறேன், தண்ணீரை வைத்துக்கொள்கிறேன்.

பூமி இழுப்பதைப் போல் லட்சம் மடங்கு, எழுபது நிமிடம்.
எதிரெதிர்க் குழாய்கள் ஒரு சொட்டு எடை பிசகினாலும்
ரோட்டர் பிய்த்துக்கொண்டு போகும்.
சுற்றி முடித்ததும் அடியில் ஒன்றும் தெரியாது.
அதனால் முன்பே, குழாயின் வெளிப்புறம்,
மார்க்கரால் ஒரு கறுப்பு வட்டம் போடுவேன்:
இங்கே இருக்க வேண்டும்.
கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்குப் போகிறவள் நான்.
அந்த வட்டத்தை மட்டும் தினமும் நம்பியாக வேண்டும்.

கீழ்வீட்டு ரைனே முழங்காலுக்கென்று
எங்கிருந்தோ ஒரு குப்பி வரவழைத்தார். தொள்ளாயிரம் யூரோ.
போடலாமா என்றார்.
எத்தனை பொட்டலம் என்று எண்ணுவதிலேயே
எங்கள் மூன்று கருவிகளும் மூன்று கணக்குச் சொல்கின்றன,
பொறுங்கள் என்றேன்.
பொறுக்க முழங்கால் உனக்கா எனக்கா என்றார்.
பதில் சொல்லவில்லை.

கட்டியும் இதே பொட்டலம்தான் கட்டுகிறது.
கணையத்தில் உட்கார்ந்தபடி
கல்லீரலுக்கு முன்கூட்டி ஆளனுப்பும்:
பாய் விரித்து வை, வருகிறேன்.
தைஸ்தோவுக்கு அப்படித்தான் வந்ததா, தெரியாது.
வந்தபோது படுக்கை தயாராக இருந்தது.
ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தான்,
"உங்கள் சலவை இயந்திரத்தில் நானும் ஒரு சுற்று" என்று.
குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும்.
அந்த எண் எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும்.
ஈர்மெலியிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.
யாரோ ஒருவரின் குழாயோடு எடை பார்த்து எதிரெதிரே வைத்தேன்.
வட்டம் மட்டும் அன்று கோணலாக விழுந்தது.

மாதத்தின் முதல் திங்கள் உறைபெட்டிக்குப் பனி சுரண்டும் நாள்.
மைனஸ் எண்பது, மூன்றாம் தட்டு,
கொடிகளின் பொட்டலங்களுக்குப் பின்னால் அவனுடைய எண்.
போன மார்ச்சில் ஏரி உருகுமுன் அவனைப் புதைத்தோம்.
இருநூறு மைக்ரோலிட்டர் இங்கே இருக்கிறது,
யாருக்கோ எதையோ சொல்ல எழுதியது, உறைந்து.
கையுறை போட்டிருந்தேன். எடுத்துப் பார்க்கவில்லை.
பார்த்தாலும் தண்ணீர்தான் தெரியும்.